எலும்பு நலிவுக்கான மருந்துகள்: பயனைப் பெறுவோம், தீங்கைத் தவிர்ப்போம்

எமது குடும்பங்களில் வயது முதிர்ந்த தாய்மார் பலர் சிறிதாகத் தடுக்கி விழுந்ததிலேயே கையையோ இடுப்பையோ முறித்துக்கொள்வதைக் காண்கிறோம். சிலருக்கு விழாமலேயே முள்ளந்தண்டு எலும்பு நசிந்து, முதுகு கூனி, உயரம் குறைந்துவிடுகிறது. ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவு நோயே இதற்குப் பெரும்பாலும் காரணம். மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களுக்கும், முதுமையில் ஆண்களுக்கும், நீண்டகாலம் ஸ்ரெரோயிட் மருந்து எடுப்போருக்கும் இது கூடுதலாக வருகிறது. முழங்கால் தேய்வு இதனின்றும் வேறானது. இங்கே சொல்லப்படும் மருந்துகள் முழங்கால் வலிக்கு உரியவை அல்ல.

இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றைப் பற்றி இரண்டு விதமான பேச்சுக்கள் ஊரில் உலாவுகின்றன. "குளிசைதானே, எப்படிப் போட்டாலும் சரி" என்பது ஒன்று. "அந்தக் குளிசை தாடையை அரித்துவிடும், போடாதே" என்பது மற்றது. இரண்டுமே ஆபத்தானவை. இம்மருந்துகளின் தீங்குகளில் பெரும்பகுதியை முன்கூட்டிய சோதனையாலும், சரியான முறையில் எடுப்பதாலும், தவணை தவறாமையாலும் குறைக்கலாம். வீடு விட்டு வீடு மாறி வாழும் குடும்பங்களுக்கு இம்மூன்றுமே கடினமானவை. ஆகவேதான் இந்தப் பாடம்.

1. எலும்பு ஒரு குளக்கட்டு

வயல் செய்தவர்களுக்குக் குளக்கட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்று எந்தக் குளக்கட்டையும் விட்டுவிட முடியாது. வெடித்த மண்ணை வெட்டி அகற்றி, புது மண் போட்டு இறுக்க வேண்டும். எமது எலும்பும் அவ்வாறே. வாழ்நாள் முழுவதும் ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து அகற்றுகின்றன. வேறொரு வகைக் கலங்கள் அந்த இடத்தில் புதிய எலும்பை நிரப்புகின்றன. வெட்டுவோரும் நிரப்புவோரும் சமமாக வேலை செய்யும்வரை கட்டு உறுதியாக இருக்கும். வெட்டுவோர் முந்திவிட்டால் கட்டு மெலியும். எலும்பு நலிவு என்பது இதுதான்.

அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் வெட்டுவோரின் வேகத்தைக் குறைக்கின்றன. அலென்ட்ரோனேற், ரிசெட்ரோனேற், இபான்ட்ரோனேற், சொலெட்ரோனிக் அமிலம் என்பன பிஸ்பொஸ்பனேற் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவை எலும்பிலேயே படிந்து பல ஆண்டுகள் தங்கிவிடும். டெனோசுமாப் என்ற ஊசி வேறு இனம். அது வெட்டும் கலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. ஆனால் எலும்பில் தங்குவதில்லை.

பயன் உண்மையானது. ஏற்கெனவே முள்ளந்தண்டு நசிந்திருந்த 2,027 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1996இல் வெளிவந்தது. சுமார் மூன்று ஆண்டுகளில், வெற்றுக் குளிசை எடுத்தோரில் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிய முள்ளந்தண்டு முறிவு காணப்பட்டது. அலென்ட்ரோனேற் எடுத்தோரில் அது நூற்றுக்கு 8 ஆக இருந்தது. இடுப்பு முறிவும் பாதியாகக் குறைந்தது.

ஆனால் பழுதான மண்ணை வெட்டாமல் கட்டைத் திருத்தவும் முடியாது. வெட்டும் வேலையை நீண்டகாலம் மிகவும் குறைத்துவிட்டால், நாளாந்தம் ஏற்படும் சிறு வெடிப்புகள் திருத்தப்படாமல் சேரலாம். பயன் வருவதும், அரிதான சில தீங்குகள் வருவதும் இந்த ஒரே வழியால்தான். இதை விளங்கிக்கொண்டால் கீழே வரும் அறிவுரைகள் எல்லாம் இலகுவில் நினைவில் நிற்கும்.

2. மருந்தைத் தொடங்குமுன்

வைத்தியர் மருந்து எழுதுமுன் பின்வரும் நான்கு விடயங்களையும் நீங்களாகவே அவருக்குச் சொல்லுங்கள். சனம் நிறைந்த கிளினிக்கில் அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்க வேண்டாம்.

சிறுநீரகம்: பிஸ்பொஸ்பனேற் மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. வடமத்திய மாகாணத்தில் 1990களில் அறியப்பட்ட, காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் பதவியா, மதவாச்சி, வவுனியா போன்ற இடங்களில் விவசாயிகளையே கூடுதலாகப் பாதித்துள்ளது. ஆரம்பத்தில் இந்நோய்க்கு அறிகுறி எதுவும் இராது. ஆகவே அப்பகுதிகளில் வாழ்ந்து, தோட்டம் வயல் செய்தவர்கள் அதைச் சொல்லி, கிரியேற்றினின் என்னும் குருதிப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கல்சியமும் விற்றமின் டியும்: குருதியில் கல்சியம் குறைந்திருக்கும்போது இம்மருந்துகளைத் தொடங்கினால் அது மேலும் குறைந்து, வாயைச் சுற்றியும் விரல்களிலும் விறைப்பு, தசைப்பிடிப்பு, வலிப்பு என்பன வரலாம். முதலில் குறையைத் தீர்த்த பின்னரே மருந்து தொடங்க வேண்டும். நிவாரண அரிசியையும் பருப்பையும் மட்டும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பற்கள்: சொத்தைப் பல், ஆடும் பல், சீழ் கட்டிய முரசு இருந்தால் முதலில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பின்னர் மருந்தைத் தொடங்குவதே நல்லது. பொருந்தாத பொய்ப்பல் முரசை உரசிப் புண்ணாக்கும். அதையும் காட்டிச் சரிசெய்யுங்கள்.

விழுங்குதலும் நிமிர்ந்திருத்தலும்: சாப்பாடு நெஞ்சில் அடைப்பவர்கள், உணவுக்குழாய் ஒடுங்கியவர்கள், அரைமணி நேரம் நிமிர்ந்து இருக்கவோ நிற்கவோ முடியாதவர்கள் ஆகியோருக்கு அலென்ட்ரோனேற் குளிசை பொருந்தாது. அவர்களுக்கு வேறு வழி உண்டா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும்.

3. கிழமைக் குளிசையை எடுக்கும் முறை

அலென்ட்ரோனேற் 1995இல் அமெரிக்காவில் எலும்பு நலிவுக்கென அனுமதி பெற்றது. சிறிது காலத்திலேயே அதை எடுத்த சிலருக்கு உணவுக்குழாயில் கடும் புண் ஏற்பட்டது. 1996இல் வைத்தியர்கள் இதை ஆராய்ந்தபோது, அவர்களில் பலர் குறைந்த தண்ணீருடன் விழுங்கியோ, விழுங்கிய பின் படுத்தோ இருந்தது தெரியவந்தது. குளிசை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். வயிற்றினுள் இறங்கிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு.

இன்னொரு விடயம்: வெறும் வயிற்றில் எடுத்தாலும், விழுங்கும் மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. தேநீர், பால், உணவு, வேறு குளிசை என்பவற்றுடன் எடுத்தால் அந்தச் சிறு பங்கும் கெட்டுவிடும். புண் வரும் ஆபத்து மட்டும் மிஞ்சும். ஆகவே முறை இதுதான்:

• கிழமையில் ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். எல்லோருக்கும் நினைவில் நிற்கும் நாளாக இருக்கட்டும். கிழமைக்கு ஒன்று எடுக்கும் 70 மில்லிகிராம் குளிசையை ஒருபோதும் நாள்தோறும் எடுக்க வேண்டாம்.

• காலையில் எழுந்தவுடன், எதுவும் உண்ணுமுன், குடிக்குமுன் எடுங்கள். இரவில் படுக்கப்போகும்போதோ, பாயில் கிடந்தபடியோ எடுக்கக் கூடாது.

• ஒரு பெரிய கிளாஸ் நிறைய, அதாவது சுமார் 200 மில்லிலீற்றர், வெறும் தண்ணீருடன் முழுதாக விழுங்குங்கள். சப்பவோ உமியவோ கூடாது. பிளேன்ரீ, கோப்பி, பால், சோடா, பழரசம் எதுவும் ஆகாது.

• யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் கல்சியம் செறிந்த வன்னீரே பெரும்பாலும் கிடைக்கும். இத்தகைய தண்ணீர் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கலாம். முதல்நாள் இரவே கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டு மேல்நீரை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

• அதன் பின் முழுதாக அரைமணி நேரம் நிமிர்ந்து இருங்கள், நில்லுங்கள் அல்லது நடவுங்கள். குழாயடி வரிசையில் நிற்பதற்கு அந்த நேரம் பொருத்தமானது. குனிந்து முற்றம் கூட்டுவதைப் பிற்போடுங்கள். காலைச் சாப்பாடு சாப்பிடும்வரை மீண்டும் படுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை எடுக்கும் இபான்ட்ரோனேற் குளிசையானால் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

• கல்சியக் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவுக்கான குளிசை என்பவற்றை அதே வேளையில் எடுக்கக் கூடாது. கல்சியத்தை மத்தியானச் சாப்பாட்டுடன் எடுத்தால் குழப்பம் வராது.

• குறித்த நாளில் மறந்துவிட்டால், நினைவு வந்த மறுநாள் காலையில் ஒன்றை எடுங்கள். பின்னர் வழமையான நாளுக்குத் திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு எடுக்க வேண்டாம்.

விழுங்கும்போது நோ, நெஞ்சின் நடுவே நோ, புதிதாக வந்த அல்லது கூடிய நெஞ்செரிவு இருந்தால் அடுத்த குளிசையை எடுக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். இரத்த வாந்தி வந்தாலோ மலம் கரியாகக் கறுத்துப் போனாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

4. நாளத்தால் ஏற்றும் மருந்தும், ஆறுமாத ஊசியும்

சொலெட்ரோனிக் அமிலம் சேலைன் ஏற்றுவது போல ஆண்டுக்கு ஒருமுறை நாளத்தினூடாக ஏற்றப்படும். வயிற்றுக்கு இதனால் தொல்லையில்லை. முதல் தடவை ஏற்றிய பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல், உடல் உளைவு, தலையிடி வரும். இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். அடுத்த முறைகளில் இது குறையும். வைத்தியர் சொல்லும் அளவில் பரசிற்றமோல் எடுத்தால் தாங்கிக்கொள்ளலாம். மருந்து ஏற்றும் நாளில் போதிய தண்ணீர் குடித்திருக்க வேண்டும். விரைவாக ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் கேடு. குறைந்தது 15 நிமிடமாவது எடுத்து ஏற்றப்பட வேண்டும்.

டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் போடப்படும் ஊசி. இதைப் பற்றி இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டும். பிஸ்பொஸ்பனேற் எலும்பில் தங்குவதால், சில கிழமைகள் தவறினாலும் பழைய பாதுகாப்பு உடனே போய்விடாது. டெனோசுமாப் அப்படியல்ல. அது வாசலில் நின்று வெட்டுவோரை மறித்துக்கொண்டிருக்கும் காவலாளியைப் போன்றது. தவணை தாண்டிக் காவலாளி போய்விட்டால், வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக உள்ளே புகுந்து கட்டை வெட்டத் தொடங்குவார்கள். சில மாதங்களுக்குள்ளேயே முள்ளந்தண்டில் பல எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசிந்தவர்கள் உண்டு. ஆகவே கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்ட விடக் கூடாது. நிறுத்த வேண்டி வந்தால், வேறொரு மருந்தைக் கொடுத்தே நிறுத்த வேண்டும்.

அடுத்த ஆறு மாதத்தில் எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள், இந்த ஊசியைத் தொடங்குமுன் அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. எந்த மருந்து பொருந்தும் என்று முடிவு செய்வதற்கு அவருக்கு இரத்தப் பரிசோதனை அளவுக்கு இந்தத் தகவலும் தேவை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இந்த ஊசியால் குருதிக் கல்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதையும் மனதில் வைத்திருங்கள்.

5. தாடையும் தொடையும்

தாடை எலும்பு வெளித்தெரிந்து ஆறாத புண்ணாகும் நோய் 2003ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது. புற்றுநோய்க்காகப் பெரிய அளவில் இம்மருந்துகளைப் பெறுவோருக்கே இது கூடுதலாக வருகிறது. எலும்பு நலிவுக்கான அளவில் எடுப்போருக்கு இது மிக அரிது: ஓர் ஆண்டில் 10,000 பேரில் ஒருவர் அல்லது அதிலும் குறைவு. பல் பிடுங்கிய பின்னரே பெரும்பாலும் தொடங்குகிறது. நாள்தோறும் பல் துலக்குங்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலையை விடுங்கள். எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், வாயைத் திறக்குமுன் இம்மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பல் ஆடுதல், தாடை வீங்குதல், புண் ஆறாமை என்பவற்றைக் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

மற்றது தொடை. பல ஆண்டுகள் மருந்து எடுத்தவர்களில் ஒரு சிலருக்கு, பெரிய அடி எதுவுமின்றித் தொடை எலும்பு நடுவே குறுக்காக முறியும். பெரும்பாலும் அதற்குக் கிழமைகள், மாதங்கள் முன்னரே தொடையிலோ கவட்டிலோ மந்தமான நோ இருக்கும். "வயதுக்கு வந்த உளைவு" என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். வைத்தியரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். ஒரு காலில் வெடிப்புக் கண்டால் மற்றக் காலையும் பார்க்க வேண்டும்.

இந்த ஆபத்து எவ்வளவு? கலிபோர்னியாவில் 1,96,000 பெண்களுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த முடிவு 2020இல் வெளிவந்தது. ஆசிய வமிசப் பெண்கள் 10,000 பேர் மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்தால் சுமார் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும். சுமார் 8 தொடை முறிவுகள் மருந்தால் வரும் என அது கணித்தது. வெள்ளையர்களைவிட ஆசியருக்கு இந்தத் தீங்கு கூடுதல் என்பதையும் அது காட்டியது. ஆயினும் பயனே பலமடங்கு பெரிது. மருந்தை நிறுத்தியதும் இந்த ஆபத்து விரைவாகக் குறைகிறது என்பதும் தெரியவந்தது.

அப்படியானால் எவ்வளவு காலம் எடுப்பது? அலென்ட்ரோனேற் ஐந்து ஆண்டுகள் எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் நிறுத்தினர். மற்றவர்கள் மேலும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தனர். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில், முள்ளந்தண்டு தவிர்ந்த முறிவுகள் இரு பகுதியினருக்கும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. ஆனால் நோவுடன் வெளிப்பட்ட முள்ளந்தண்டு முறிவு, நிறுத்தியோரில் நூற்றுக்கு 5.3 ஆகவும், தொடர்ந்தோரில் 2.4 ஆகவும் இருந்தது. ஆகவே குளிசையானால் ஐந்து ஆண்டு முடிவிலும், நாளத்தால் ஏற்றுவதானால் மூன்று ஆண்டு முடிவிலும் வைத்தியர் மீள ஆராய வேண்டும். ஆபத்துக் குறைந்தவர்கள் சில காலம் நிறுத்தலாம். ஏற்கெனவே இடுப்போ முள்ளந்தண்டோ முறிந்தவர்கள் தொடர வேண்டியிருக்கலாம். மருந்தைத் தொடங்கிய திகதி தெரியாவிட்டால் இந்த முடிவை எவராலும் சரியாக எடுக்க முடியாது.

6. துண்டொன்றில் எழுதிவைப்போம்

இடம்பெயரும்போது கிளினிக் கொப்பி தொலைவது வழமை. புதிய இடத்தில் "வெள்ளைக் குளிசை, கிழமைக்கு ஒன்று" என்று சொன்னால் வைத்தியர் என்ன செய்வார்? ஆகவே ஒரு மட்டைத் துண்டில் ஐந்து விடயங்களை எழுதுங்கள்: மருந்தின் பெயரும் அளவும், தொடங்கிய திகதி, கடைசியாக எடுத்த திகதி, அடுத்த திகதி, சிறுநீரகப் பரிசோதனையின் முடிவு. பிளாஸ்ரிக் உறையில் போட்டு, அடையாள அட்டையுடனும் குடும்ப அட்டையுடனும் சேர்த்து வையுங்கள். இன்னொரு பிரதியை மகளிடமோ மருமகளிடமோ கொடுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுத்தும் வைக்கலாம்.

புதிய இடத்துக்கு வந்தவுடன் அரச வைத்தியசாலையில் பதிந்து இத்துண்டைக் காட்டுங்கள். பக்கத்துக் குடிசைக்காரரிடம் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போட வேண்டாம். உங்கள் குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஸ்ரெரோயிட் வகையான பிரெட்னிசலோன் எடுப்போர், அது எலும்பை மெலியச் செய்யும் என்று கேள்விப்பட்டுத் திடீரென நிறுத்துவது உயிராபத்தை விளைவிக்கலாம். வைத்தியரே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

மருந்து தனியே போதாது. குரக்கன், எள்ளு, முருங்கை இலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி, மோர் என்பன கல்சியம் தருபவை. வெயில் தோலில் பட்டால் விற்றமின் டி உண்டாகும். இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் கயிறு, கல், தடி கிடக்காமல் பாருங்கள். கைவிளக்கு ஒன்றைப் பாயருகே வையுங்கள். விழாமல் காப்பதற்குப் பக்கவிளைவு எதுவுமில்லை.

கூடிப் பேசுவதற்கு

1. எமது குடும்பத்தில் எலும்பு நலிவுக்கு மருந்து எடுப்பவர் யார்? அவர் அதை எந்த வேளையில், எதனுடன் விழுங்குகிறார்?

2. நாம் வாழும் இடத்தில் காலையில் அரைமணி நேரம் அவருக்கு ஒதுக்கிக் கொடுக்க வீட்டார் என்ன செய்யலாம்?

3. நாளைக்கே இடம்பெயர நேர்ந்தால், அவருடைய மருந்து விபரம் யாருடைய கையில் இருக்கும்?

4. எமது கிராமத்திலோ முகாமிலோ முதியவர் விழக்கூடிய இடங்கள் எவை? இந்தக் கிழமை அவற்றில் எதைத் திருத்தலாம்?